மூடி மூடவே இல்லை: ஒரு குடுவைச் செடியோடு 14 மாதம்

பெட்டிக்குள் மூன்று பொருள்கள் இருந்தன: ஒரு செடி, ஒரு மண் பொட்டலம், ஒரு வழிகாட்டிச் சீட்டு. மூன்றில் செடி மட்டும்தான் உருப்படி. மற்ற இரண்டையும் நம்பியிருந்தால் அந்தச் செடியும் ஒரு மாதத்தில் குப்பைக்குப் போயிருக்கும். 14 மாதம் வளர்த்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். முதல் மூன்று மாதத்துக்குள் எழுத உட்கார்ந்திருந்தால் "ஏமாற்று வேலை, வாங்காதீர்கள்" என்று இரண்டே வரியில் முடித்திருப்பேன்.

நான் செடி வளர்க்கிற ஆள் இல்லை, மீன் வளர்க்கிறவன். கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் வித்தியாசமாக ஏதாவது வைக்க வேண்டும் என்றுதான் இணையத்தில் தேடி இதை வாங்கினேன். சீட்டில் "பூச்சி தின்னும் செடி" என்பதற்கு மேல் பெயர் எதுவும் இல்லை. பூச்சியைப் பிடிக்க இலை நுனியில் தொங்குகிற, இடுப்பு சிறுத்த குடுவையின் வடிவத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததில் அது நெப்பந்தஸ் என்ற குடுவைச் செடிக் குடும்பத்தின் வென்ட்ராட்டா என்று புரிந்தது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த இரண்டு இனங்களின் கலப்பு. வீட்டில் வளர்ப்பவர்களிடம் அதிகம் இருப்பது இதுதான், எதையும் ஓரளவு தாங்கிக்கொள்வதும் இதுதான். ஆனால் சீட்டில் அச்சடித்திருந்த படமோ நெப்பந்தஸ் ராஜா! போர்னியோவில் கினபாலு, தம்புயுகோன் என்ற இரண்டு மலைகளில் மட்டும், 1,500 மீட்டருக்கு மேலே வளர்கிற செடி அது. அதன் குடுவை லிட்டர் கணக்கில் நீர் பிடிக்கும். காட்டில் பிடுங்கிய ராஜாவை நாடு விட்டு நாடு விற்பதற்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப்படி தடையே இருக்கிறது. யானைப் படம் போட்ட பெட்டியில் ஆட்டுக்குட்டியை அனுப்பிய கதைதான். வந்தது நல்ல ஆட்டுக்குட்டி என்பது வேறு விஷயம்.

பேக்கிங்கை மட்டும் மனதாரப் பாராட்டுகிறேன். 5 நாள் கூரியரில் கிடந்தும் ஓர் இலைகூட ஒடியவில்லை. வேரைச் சுற்றி, நீரைப் பிடித்து வைக்கிற ஸ்பாக்னம் பாசி ஈரமாக, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை, இரண்டு குடுவைகளின் வாயிலும் பஞ்சு. அவ்வளவு பொறுப்பாகக் கட்டியவரிடமே அந்தச் சீட்டையும் எழுதக் கொடுத்திருக்கலாம்.

இரண்டு குடுவைகளும் பத்தே நாளில் மேலிருந்து கீழாகக் காய்ந்து பழுப்பாகிவிட்டன. பதறிப்போய்க் கடைக்கு எழுதினேன். "தண்ணீர் போதவில்லை, உரம் போடுங்கள்" என்று பதில் வந்தது. நல்லவேளை, அதற்குள் வேறு இடங்களில் கொஞ்சம் படித்திருந்தேன். இடம் மாறி, காற்றின் ஈரப்பதம் சட்டென்று குறைந்தால் நெப்பந்தஸ் முதலில் கைவிடுவது குடுவைகளைத்தான். இலை பச்சையாக, விறைப்பாக இருக்கும்வரை செடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். செடியின் மேல் கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, இரண்டு வாரத்தில் எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் இலைக்கு ஒரு குடுவைதான். அது காய்ந்தால் அதே இலையில் இன்னொன்று வராது. புதிய இலை வந்து, அதன் நுனியில்தான் அடுத்தது. அதனால் இந்தச் செடியில் எதைத் திருத்தினாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகிறது.

மண் பொட்டலத்தில் இருந்தது செம்மண்ணும் மட்கிய உரமும். ரோஜாவுக்கு அருமையான கலவை. நெப்பந்தஸ் வளர்கிற இடங்களில் மண்ணில் சத்தே இருக்காது. வேரிலிருந்து கிடைக்காத நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பூச்சியிடமிருந்து எடுப்பதற்குத்தான் இந்தக் குடுவை ஏற்பாடே. அதன் வேரைச் சத்துள்ள மண்ணில் வைத்தால் கருகிப்போகும். நான் ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல் துகளும் சரிபாதி கலந்து மாற்றி நட்டேன். மாற்றும்போது வேரைப் பார்த்து ஒரு கணம் திக்கென்றது. கறுப்பாக, தலைமுடி மாதிரி இருந்தது. அழுகிவிட்டது என்று நினைத்துக் கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். நெப்பந்தஸின் ஆரோக்கியமான வேரே கறுப்புதான், தொட்டால் ஒடிகிற ரகம். சீட்டில் இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் அவ்வளவு பேக்கிங்குக்கும் பிரயோஜனம் இருந்திருக்கும்.

அப்புறம் தண்ணீர். சீட்டு சொன்னது: "தினமும் தாராளமாக நீர் ஊற்றவும்." எந்த நீர் என்று சொல்லவில்லை. மீன்காரன் என்பதால் நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் என்னிடம் இருந்தது. குழாய்த் தண்ணீரில் வைத்தேன், 410 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 410) காட்டியது. மீன் தொட்டிக்காக வைத்திருக்கும் ஆர்.ஓ. தண்ணீரில் 14. இந்தச் செடி வளர்ப்பவர்கள் பொதுவாக 50-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். குழாய்த் தண்ணீரின் உப்பு பாசியிலேயே தங்கித் தங்கிச் சேர்ந்து, சில மாதத்தில் வேரைத் தின்றுவிடும். "கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றேன்" என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். கொதித்தால் சாவது கிருமி. உப்பு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், நீர் வற்றுவதால் இன்னும் அடர்த்தியாகவும் ஆகும். தண்ணீரை மென்மையாக்கும் கருவியும் உதவாது, அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. குடிப்பதற்கான ஆர்.ஓ. இயந்திரங்களிலும் சிலவற்றில் சுவைக்காக உப்பைத் திரும்பக் கலக்கும் பகுதி உண்டு, எனவே மீட்டரை வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மழைநீர் கிடைத்தால் இந்தக் கவலை எதுவும் வேண்டாம்.

தினமும் ஊற்றுவதும் தேவையில்லை. பாசியின் மேற்பரப்பு லேசாக உலர ஆரம்பித்ததும் ஊற்றி, கீழே வழிய விட்டுவிடுகிறேன். தட்டில் நீர் தேக்கி அதில் தொட்டியை நிரந்தரமாக உட்கார வைக்கக் கூடாது, வேர் அழுகும். இங்கே பலர் குழம்புகிறார்கள். காரணம், வட அமெரிக்காவின் சரசீனியா என்ற இன்னொரு குடுவைச் செடி தட்டு நீரில் நின்றால்தான் சந்தோஷமாக வளரும். அதற்குக் குளிர்காலத்தில் சில மாதம் உறக்கமும் வேண்டும். இரண்டையும் "குடுவைச் செடி" என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள், பராமரிப்போ தலைகீழ். வாங்கும்போது முழுப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். சொல்லத் தெரியாத கடை என்றால் நகர்ந்துவிடுங்கள்.

மூன்று மாதம் ஒரு குடுவையும் வரவில்லை. புதிய இலைகள் வந்தன, நுனியில் கம்பி நீண்டது, கம்பியின் முனையில் அரிசி மணி அளவுக்கு ஒரு மொட்டு, அவ்வளவுதான். மொட்டு அப்படியே கறுத்து உதிரும். "நிழலில் வளரும்" என்று சீட்டு சொன்னதை நம்பி மீன் தொட்டிப் பக்கத்து அலமாரியிலேயே வைத்திருந்தேன். தவறு அங்கேதான். கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு மாற்றினேன், காலை வெயில் மூன்று மணி நேரம் விழுகிற இடம். இலைகள் கொஞ்சம் சிவந்தன. ஏழாவது வாரத்தில் ஒரு மொட்டு கறுக்கவில்லை.

அடுத்து நடந்ததற்காகவே இந்தச் செடியை வாங்கலாம். தொங்கிக்கொண்டிருந்த கம்பியின் முனை தூண்டில் முள் மாதிரி மேல்நோக்கி வளைந்தது. தட்டையான சுருக்குப்பை போல ஒன்று உருவாகி, சில நாள் சும்மா கிடந்து, பிறகு யாரோ உள்ளிருந்து ஊதியது போல உப்பிக்கொண்டது. மூடி இறுக்க ஒட்டியே இருந்தது. ஒருநாள் இரவு பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கால்வாசிக்கு நீர்மட்டம் தெரிந்தது! வாய் திறக்கும் முன்பே செடி தானே சுரந்து வைத்த நீர். மழைநீர் நிரம்பித்தான் இது வேலை செய்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் மூடி விலகியிருந்தது. வாய் விளிம்பு அப்போது மெல்லிசாக, வெளிறி இருந்தது, அடுத்த சில நாளில் வெளிப்பக்கம் சுருண்டு, விரிந்து, வரி வரியாகச் சிவந்து பளபளத்தது.

பூச்சி விழுந்ததும் மூடி "டப்" என்று மூடிக்கொள்ளும் என்றது சீட்டு. பள்ளியில் நானும் அப்படி எழுதித்தான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். போனை நிறுத்தி வைத்து மணிக்கணக்கில் படம் பிடித்தேன். மூடி மூடவே இல்லை. ஒருமுறை திறந்தால் திறந்ததுதான், அது மழை உள்ளே விழாமல் காக்கும் குடை. மூடிக்கொள்வது வீனஸ் பூச்சிப்பிடிப்பான் என்கிற முற்றிலும் வேறான செடி.

உண்மையான பொறி அந்த வாய் விளிம்புதான். மதியத்தில் எறும்புகள் அதன் மேல் ஜாலியாக நடந்து தேனை நக்கிவிட்டுத் திரும்பிப் போயின, ஒன்றுகூட விழவில்லை. செடியும் நானும் ஏமாந்தோம் என்று நினைத்தேன். சாயங்காலம் இலைகளுக்கு நீர் தெளித்தபோது விளிம்பும் நனைந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் நான்கு எறும்பு உள்ளே. நனைந்த விளிம்பில் மெல்லிய நீர்ப்படலம் பரவ, ஈரச் சாலையில் டயர் வழுக்குவது போல எறும்பின் பாதம் வழுக்குகிறது. ஆய்வாளர்கள் இதை 2004-இல் விளக்கி எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பிறகு படித்தேன். காய்ந்த நேரத்தில் தேன் குடித்துவிட்டுப் போகிற எறும்பு கூட்டத்தைக் கூட்டிவருகிறது என்பதால் அந்த மதிய நேரச் சலுகையும் வீண் போவதில்லை.

"கொசுத் தொல்லை தீரும்" என்பது சீட்டின் பெரிய பொய். காய்ந்த குடுவை ஒன்றை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தேன். அடியில் கறுப்பு மசியாக எறும்புத் தலைகள், இரண்டு மூன்று சிறிய ஈக்களின் இறக்கை. கொசு ஒன்றுகூட இல்லை. காட்டில் சில கொசு இனங்கள் இந்தக் குடுவை நீரிலேயே முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கின்றன என்பதைச் சீட்டு எழுதியவருக்கு யாராவது சொல்லுங்கள். கொசுவுக்கு வலை வாங்குங்கள், செடியைச் செடிக்காக வாங்குங்கள்.

தீனி விஷயத்தில் நான் சொல்வதைவிட அம்மா செய்ததைச் சொன்னால் போதும். "பாவம்டா, பட்டினி கிடக்குது" என்று, நான் வீட்டில் இல்லாத ஒருநாள், அடித்த கரப்பான்பூச்சி ஒன்றை முழுசாக அந்த முதல் குடுவைக்குள் போட்டுவிட்டார். குடுவையின் உயரம் பத்து சென்டிமீட்டர், கரப்பான் அதில் பாதி. செரிக்க முடியாமல் அழுகி, நாற்றமெடுத்து, எட்டு நாளில் குடுவை பழுப்பாகிச் செத்தது. ஏழு வாரம் காத்திருந்து வந்த குடுவை. அம்மாவுக்கு என்னைவிட வருத்தம், இரண்டு நாள் அந்த ஜன்னல் பக்கமே போகவில்லை. இறைச்சித் துண்டு போட்டாலும் இதே கதிதான். இப்போது மீனுக்கு வாங்கும் காய்ந்த பிளட்வார்மை நீரில் ஊறவைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு குடுவைக்கு இரண்டு மூன்று புழு போடுகிறேன். எறும்பு வருகிற ஜன்னல் என்றால் அதுவும் தேவையில்லை.

பூச்சி தின்னும் செடியைப் பூச்சி தின்கிற கூத்தும் நடந்தது. ஒன்பதாவது மாதம் இலைக் கக்கத்தில் மாவுப்பூச்சி. குடுவைக்கு இரண்டு விரற்கடை தள்ளி உட்கார்ந்து நிம்மதியாகச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன், மூன்று வாரம் பிடித்தது.

இதே கடையில் "வானவில் குடுவைச் செடி விதை" என்று நீலம், ஊதா நிறப் படங்களோடு ஒரு பாக்கெட்டும் விற்கிறார்கள். செடிக்கு முன்னால் அதையும் வாங்கி ஏமாந்தவன் நான். உருண்டையாக, கடுகு போல இருந்தது, முளைத்தது ஏதோ புல். நிஜ நெப்பந்தஸ் விதை நூல் துண்டு போல மெல்லியதாக இருக்கும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால் இரண்டும் ஒரே சமயம் பூத்தால்தான் விதையே கிடைக்கும், கிடைத்ததும் சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும். நல்ல விதை முளைத்தாலும் கைக்கு அடக்கமான செடியாக வருடக்கணக்கில் ஆகும். பாக்கெட் விதையின் பக்கம் போகவே வேண்டாம்.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் செடிக்கு ஐந்து, பேக்கிங்குக்கு ஐந்து, மண்ணுக்கும் சீட்டுக்கும் சேர்த்து பூஜ்ஜியம். வெளிச்சமான ஜன்னலும் உப்பில்லாத நீரும் இருப்பவர் தாராளமாக வாங்கலாம். இரண்டில் ஒன்று இல்லை என்றால் மணி பிளான்ட்டே போதும்.

இப்போது என் செடியில் ஒன்பது குடுவை. தண்டு முக்கால் அடி நீண்டு கொடியாகப் படர ஆரம்பித்திருக்கிறது, அடியில் ஒரு பக்கக் கிளையும் வந்திருக்கிறது. கொடியின் நுனியை வெட்டி ஈரப் பாசியில் ஊன்றி, அந்தப் பழைய பிளாஸ்டிக் பையால் மூடி வைத்திருக்கிறேன். கொதிக்க வைக்கச் சொன்ன நண்பருக்காக. வேர் விட இன்னும் ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் அம்மா ஒரு சீட்டு எழுதித் தொட்டியில் குத்தி வைத்துவிட்டார்: "குழாய்த் தண்ணி ஊத்தாதே. வெயில்ல வை. கரப்பான் போடாதே."