முதல் வேலைக்கு எந்த ஊர்: பெங்களூரா, அகமதாபாத்தா, ஆரோவில்லா?

மதுரையிலோ திருச்சியிலோ பி.ஆர்க் முடித்துவிட்டு வெளியூரில் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் சேர நினைப்பவர்களின் பேச்சில் இந்த மூன்று ஊர்களும்தான் அதிகம் அடிபடுகின்றன. சின்ன ஆபீஸ் என்று நான் சொல்வது ஐந்து முதல் பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தை. முதலாளி பக்கத்து மேசையிலேயே இருப்பார். டிராயிங் போடுகிறவரே சைட்டுக்கும் போவார். சம்பளம் மூன்று ஊரிலும் பெரிதாக இருக்காது. தொழில் கற்றுக்கொள்ளத்தான் போகிறோம். அதனால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: முதல் ஸ்கெட்ச்சிலிருந்து கிரகப்பிரவேசம் வரை ஒரு வீட்டோடு கூடவே இருக்க எந்த ஊரில் வாய்ப்பு அதிகம்?

அந்தக் கணக்கில் என் பதில் பெங்களூர். மற்ற இரண்டு ஊர்களும் மனதுக்கு நெருக்கமானவை என்றாலும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

பெங்களூரில் சின்ன ஆபீஸ்களுக்குச் சோறு போடுவது முப்பதுக்கு நாற்பது மனை. 1,200 சதுர அடி, நம் கணக்கில் அரை கிரவுண்ட். கீழே கார் நிற்க வேண்டும், வயதான அப்பா அம்மாவுக்கு மாடி ஏறாத அறை வேண்டும், மேலே வாடகைக்கு ஒரு போர்ஷன் வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பும் வேண்டும். இந்த அளவு மனையில் கட்டும் புது வீடுகளுக்கு 2009 முதல் அது கட்டாயம். இத்தனையும் அடங்க மாடிப்படியை எங்கே வைப்பது என்பதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். நடுவில் வைத்து மேலே கண்ணாடி போட்டால் பக்கத்து வீடுகள் நெருக்கி நிற்கும் மனையிலும் வீட்டுக்குள் வெளிச்சம் இறங்கும். ஓரத்தில் வைத்தால் வாடகைக்காரருக்குத் தனி வழி கிடைக்கும். வீட்டுக்காரர் இரண்டையும் கேட்பார். அந்தப் படிக்கட்டை ஒருமுறை மல்லுக்கட்டித் தீர்த்தவர் நாளைக்கு மதுரையிலோ சேலத்திலோ எந்தச் சின்ன மனையைப் பார்த்தும் மலைக்க மாட்டார்.

இப்படி ஒரு வீடு பொதுவாக ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடும். இரண்டு வருடம் அங்கே இருந்தால் நீங்கள் வரைந்த ஒரு வீட்டுக்குள்ளாவது பால் காய்ச்சுவதைப் பார்ப்பீர்கள். பெரிய கல்லூரி வளாகமோ ஆஸ்பத்திரியோ வரையும் ஆபீஸில் அஸ்திவாரம் மேலே வருவதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பீர்கள்.

பேச்சுச் சௌகரியமும் உண்டு. தமிழ் பேசும் மேஸ்திரிகளும் கம்பி கட்டுகிறவர்களும் அங்கே நிறைய. அதற்காகக் கன்னடம் கற்காமல் இருந்துவிடக் கூடாது. வார்டு ஆபீஸிலும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதில் நாலு வார்த்தை பேசினால்தான் மரியாதை. மண் கட்டடத்தில் ஆசை இருந்தால் அதற்கும் இடம் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய, கிராமங்களுக்கான தொழில்நுட்பத்தைத் தேடிய அஸ்ட்ரா திட்டத்தில் பேராசிரியர் கே.எஸ். ஜகதீஷ் போன்றவர்கள் வளர்த்த மண் பிளாக் முறையை இன்றும் பல சின்ன ஆபீஸ்கள் கையாள்கின்றன.

குறை என்னவென்றால் பணமும் நேரமும். வாடகை அட்வான்ஸ் ஆறு மாதம், சில வீட்டுக்காரர்கள் பத்து மாதம் வரை கேட்பார்கள். ஆபீஸ் ஜெயநகரிலும் சைட் சர்ஜாபூர் ரோட்டிலும் இருந்தால் பாதி நாள் சிக்னலில் போய்விடும். முதல் ஆறு மாதத்துக்கு இரண்டு பேரோடு அறையைப் பகிர்ந்து, மெட்ரோவுக்கு நடக்கும் தூரத்தில் இருந்தால் சமாளிக்கலாம்.

இப்போது அகமதாபாத். கட்டடம் பார்க்கக் கற்றுக்கொள்ள இந்தியாவில் இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. ஆசிரம சாலையில் லெ கார்புசியே கட்டி 1954-ல் முடிந்த ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடத்துக்கு ஒரு சாயங்காலம் போய் நில்லுங்கள். சாலையைப் பார்த்த மேற்கு முகப்பில் காங்கிரீட் தடுப்புகள் சாய்வாகத் திரும்பியிருக்கும். சபர்மதியைப் பார்த்த கிழக்கு முகப்பில் நேராக நிற்கும். மேற்கு வெயில் உள்ளே வரக் கூடாது, ஆற்றுக் காற்று மட்டும் வர வேண்டும். கல்லூரியில் சூரியன் போகும் பாதையை எத்தனை முறை படம் வரைந்திருந்தாலும் அங்கே நிற்கும்போதுதான் அது மண்டையில் ஏறும். ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷி 1980-ல் தனக்குக் கட்டிக்கொண்ட சங்கத் ஸ்டூடியோவில், பாதி மண்ணுக்குள் இறங்கிய வளைவுக் கூரைகளின் மேல் வெள்ளைப் பீங்கான் சில்லுகள் பதித்திருக்கும். வெயிலைத் திருப்பியடிக்கத்தான் அது. நம் மொட்டை மாடிகளில் வெள்ளை ஓடு பதிப்பதும் அதே காரணத்துக்குத்தான்.

அந்த ஊரில் கட்டடம் ஒரு பேச்சுப் பொருளும்கூட. லூயி கான் வடிவமைத்த ஐ.ஐ.எம். வளாகத்தின் 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப்போவதாக 2020 டிசம்பரில் நிர்வாகம் சொன்னபோது உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பி, அடுத்த சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். 2022-ல் திரும்பவும் மனம் மாறி, விடுதிகளை இடித்துக் கட்டும் முடிவுக்கே வந்தார்கள். செங்கல் ஏன் உதிர்ந்தது, 2001 பூகம்பம் என்ன செய்தது, பழுது பார்ப்பதா புதிதாகக் கட்டுவதா என்ற விவாதம் நம் தொழிலின் மையத்தில் இருப்பது. அந்த ஊரில் இருந்தால் டீக்கடையிலேயே அது காதில் விழும்.

ஆனால் முதல் வேலைக்கு? அங்கே தயங்குவேன். 1962-ல் தொடங்கிய செப்ட் கட்டடக்கலைக் கல்லூரி வருடாவருடம் நல்ல மாணவர்களை அதே ஊருக்குள் அனுப்புகிறது. சின்ன ஆபீஸ்களுக்கு ஆள் பஞ்சமில்லை, அதனால் புதிதாக வருகிறவருக்குப் பேரம் பேச இடமும் இல்லை. மாடல் செய்வதிலும் போட்டிக்கான டிராயிங்கிலும் மாதங்கள் கழியக்கூடும். சைட்டில் கொத்தனாரை கடியா என்பார்கள். கூலி வேலைக்குப் பலர் தாஹோத், பஞ்சமஹால் பக்கமிருந்து வருகிறார்கள். குஜராத்தியோ இந்தியோ வராத ஜூனியர் அவர்களிடம் எதையும் கேட்டுக் கற்க முடியாது. கொத்தனாரிடம் கேட்காமல் எந்த ஆர்க்கிடெக்டும் உருவாவதில்லை, அதனால்தான் இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. மொழி பிடிபட்டு, டிராயிங் கைக்கு வந்த பிறகு, இரண்டாவது வேலைக்கு அந்த ஊர் அருமை.

வாழ்வதற்கு? வாடகை பெங்களூரை விடக் குறைவு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அறை கிடைப்பது சிரமம், இதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆலைகள் ஓடிய காலத்திலேயே போய்க் குடியேறிய தமிழர்கள் மணிநகர்ப் பக்கம் இருக்கிறார்கள். பெண்கள் ராத்திரி ஸ்கூட்டியில் தனியாகப் போவது அங்கே சாதாரணம்; சைட்டிலிருந்து இருட்டிய பிறகு திரும்பும் தங்கைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வெயில்தான் வாட்டும். 2016 மே 20 அன்று 48 டிகிரி தொட்ட ஊர். சேர்வதாக இருந்தால் நவம்பரில் சேருங்கள். பொங்கலுக்கு வர நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம், சென்னையிலிருந்து சொந்த ஊருக்குத் தனி. பெங்களூரில் ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலை திருச்சி.

ஆரோவில் வேறு மாதிரி. 1968-ல் தொடங்கிய அந்தச் செம்மண் பூமியில் வேலை கையிலிருந்து தொடங்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைக்கச் சொல்வார்கள். கல்லும் மணலும் உடனே அடியில் இறங்கும், அதன் மேல் வண்டல், களிமண் படிய மணிக்கணக்காகும். படிந்த அடுக்குகளைப் பார்த்து இந்த மண் பிளாக்குக்கு ஆகுமா, எவ்வளவு மணல் சேர்க்கணும் என்று முடிவு செய்வார்கள். பிறகு சுமார் ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்தி, நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1989-லிருந்து ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் இதைக் கற்றுத்தருகிறது. வேலை செய்பவர்கள் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி ஊர்க்காரர்கள், தமிழிலேயே எல்லாம் கேட்கலாம். அப்படியே ஸ்கூட்டரில் பாண்டிச்சேரி போய் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியையும் பார்த்துவிடலாம்.

ஆனால் அங்கே கிடைக்கும் பணத்தில் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. கல்விக் கடன் கட்டுகிறவர்களுக்கு இது ஆகாது. 2021 டிசம்பரில் சாலைக்காக மரங்களை வெட்டியதிலிருந்து நிர்வாகத்துக்கும் அங்கே வாழ்பவர்களில் ஒரு பகுதியினருக்கும் உண்டான பிளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரிசல்ட் வந்து வேலை தேடும் இடைவெளியில் ஆறு மாதம் போய்வர மிக நல்ல இடம்.

சென்னையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். சொந்த ஊரில் சீக்கிரமே ஆபீஸ் போடுவது உறுதி என்றால் சென்னைக்கே போங்கள். 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் புழங்கிப் பழகுவது அங்கேதான் நடக்கும். பெங்களூர் விதிகளைக் கரைத்துக் குடித்தாலும் இங்கே பிளான் பாஸ் ஆகாது.

பெங்களூரிலும் எல்லா ஆபீஸும் ஒன்றில்லை. இன்டர்வியூவில் மூன்று விஷயம் கேளுங்கள்: போன வருடம் எத்தனை வீடு முடிந்தது, ஜூனியர் வாரத்தில் எத்தனை நாள் சைட்டுக்குப் போவார், பெட்ரோல் காசு யார் கொடுப்பார்கள். கிளம்பும்போது அங்கே வேலை பார்க்கும் ஜூனியர் ஒருவரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் எந்தத் தேதி வருகிறது என்று அவரிடம் கேட்ட பிறகு அட்வான்ஸ் கொடுத்து அறை பிடித்தால் போதும்.