ஓபிஏ ரியாக்டரும் அந்த இரண்டாவது பம்பும்: நீண்டநாள் அனுபவம்

புதிதாக உணவு ஆய்வகம் அமைக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஹிஸ்டமின், டைரமின் எல்லாம் அளக்க எச்பிஎல்சியோடு ஓபிஏ ரியாக்டரும் சேர்த்து வாங்கலாமா, இல்லை டான்சைல் குளோரைடு முறையே போதுமா?" ஹிஸ்டமினும் டைரமினும் உணவு கெடும்போதோ முற்றும்போதோ உருவாகி, அதிகமானால் உடம்புக்கு ஆகாத அமீன்கள், அதாவது நைட்ரஜன் கொண்ட சிறு மூலக்கூறுகள். எச்பிஎல்சி, சாற்றில் கலந்திருப்பவற்றை ஒரு குழாய் வழியே தள்ளித் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி. ஓபிஏவும் டான்சைல் குளோரைடும் அமீனோடு ஒட்டி அதை டிடெக்டருக்குத் தெரியவைக்கும் ரியேஜென்டுகள்; ஓபிஏ ரியாக்டர் என்பது பிரித்த பிறகு ஓபிஏவைக் கலக்கும் பகுதி. எங்கள் ரியாக்டரின் பம்ப் ரிப்பேருக்குப் போய்த் திரும்பிய வாரம் அது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது.

ஹிஸ்டமின், அதேபோன்ற அமீன்களான புட்ரெசின், காடவெரின் ஆகிய மூன்றிலும் டிடெக்டர் பிடித்துக்கொள்ள வசதியாக எதுவும் இல்லை. வேறொன்றை ஒட்டவைத்தால்தான் கண்ணில் படும். டான்சைல் முறையில் அந்த ஒட்டும் வேலை சாம்பிளைக் கருவியில் ஏற்றுவதற்கு முன்பே, நம் கையால் நடக்கிறது. சாற்றைக் காரமாக்கி, ரியேஜென்ட் விட்டு, இருட்டில் சூடாக வைத்து, மிஞ்சியதை அம்மோனியாவோ புரோலினோ விட்டு அடக்க வேண்டும். சாற்றில் இருக்கும் அமினோ அமிலங்களும் அதே ரியேஜென்டுக்குப் போட்டி போடும். அதனால் ஒவ்வொரு குழாயும் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். 1,7-டையமினோஹெப்டேனை உள் ஸ்டாண்டர்டாக, அதாவது எல்லாக் குழாயிலும் ஒரே அளவில் விடும் ஒப்பீட்டுப் பொருளாகச் சேர்த்தால் பெரும்பாலும் சரிக்கட்டிவிடலாம். முழுக்க முடியாது, ஹிஸ்டமினில் இருக்கும் இமிடசோல் வளையம் அதில் இல்லையே.

ரியாக்டரில் கதையே வேறு. அமீன்கள் தனித்தனியாகப் பிரிந்து, பிரிப்புக் குழாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஓபிஏவைச் சந்திக்கின்றன. ஓபிஏ சேர்ந்த பொருள்கள் நிலையற்றவை, வைத்திருந்தால் சிதைந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இங்கே கலப்பதற்கும் டிடெக்டரை அடைவதற்கும் இடையில் கொஞ்ச நேரம்தான். அந்த நேரமும் முதல் சாம்பிளுக்கும் கடைசிச் சாம்பிளுக்கும் ஒன்றேதான். மீனை அமிலத்தில் அரைத்து, வடிகட்டி, ஏற்றினால் நம் வேலை முடிந்தது. மாலையில் ஓடவிட்டுப் போன வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்த ஸ்டாண்டர்டுகளை, அதாவது அளவு தெரிந்த கரைசல்களைக் காலையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், ஹிஸ்டமினுக்காக வரைபடத்தில் எழும் மேடு (பீக்) இரண்டும் ஒரே கோடாகத் தெரியும். எனக்கு இன்றும் அதைப் பார்ப்பதில் அலுப்பு வரவில்லை.

அந்தக் கோடு ஏன் முக்கியம் என்றால், ஹிஸ்டமின் விஷயத்தில் தீர்ப்பு பல நேரம் எல்லையில்தான் நடக்கிறது. ஐரோப்பிய விதியின்படி ஒரு தொகுதிக்கு 9 மாதிரிகள் எடுக்க வேண்டும். சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இரண்டு மாதிரிகள் வரை 100-க்கும் 200-க்கும் இடையில் இருக்கலாம், எதுவும் 200-ஐத் தாண்டக் கூடாது. ஒரே சூரை மீனில் ஓரிடத்தில் குறைவாகவும் இன்னோர் இடத்தில் பல மடங்கு அதிகமாகவும் இருக்கும் என்பதால்தான் இத்தனை மாதிரிகள். மீனே இப்படி ஏறி இறங்கும்போது, அளக்கும் முறையும் சேர்ந்து ஏறி இறங்கினால் எதை நம்புவது? கிருமி ஒருமுறை மீனில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக்கிவிட்டால், சமைத்தாலும் டப்பாவில் அடைத்துச் சூடாக்கினாலும் அது போகாது. நாம் எழுதிக்கொடுக்கும் எண்தான் கடைசித் தடுப்பு.

டைரமினும் அப்படித்தான். மோனோஅமீன் ஆக்சிடேஸைத் தடுக்கும் பழைய மனச்சோர்வு மருந்துகளைச் சாப்பிடுபவர் முற்றிய பாலாடைக்கட்டி சாப்பிட்டால், குடலிலும் கல்லீரலிலும் சிதைய வேண்டிய டைரமின் அப்படியே ரத்தத்தில் ஏறும். நரம்பு நுனிகளிலிருந்து நோர்அட்ரினலினைத் தள்ளி, ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும். பேரி பிளாக்வெல் 1963-இல் இதை எழுதினார். எங்கள் அமைப்பில் ஒரே ஓட்டத்தில் டைரமினும் ஹிஸ்டமினும், கடைசியாக ஸ்பெர்மின் என்ற அமீனும் வந்துவிடும். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஓபிஏ முதல்நிலை அமீனை, அதாவது நைட்ரஜனில் ஒரே ஒரு கார்பன் தொகுதி ஒட்டிய அமீனை மட்டுமே பார்க்கும். நோர்அட்ரினலின் தெரியும், அட்ரினலின் தெரியாது. மருந்தியல் வேலையும் இதிலேயே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

சரி, இப்போது பம்ப்.

ரியேஜென்டைத் தள்ளும் அந்த இரண்டாவது பம்ப்தான் என் நிம்மதியைக் கெடுப்பது. உள்ளே ஓடுவது பொட்டாசியம் போரேட், கூடவே ஓபிஏவும் மெர்காப்டோஎத்தனாலும். நாற்றத்தை விடுங்கள், பழகிவிடும். உப்புதான் பழகாது. பிஸ்டன் முன்னும் பின்னும் போகும்போது கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தைத் தாண்டி ஒரு மெல்லிய ஈரம் பின்பக்கம் வரும், காயும், படிகமாகும். அந்தப் படிகம் சீல் வளையத்தை அரம் போல ராவும். முதலில் பம்ப் தலையின் அடியில் வெள்ளைப் பொருக்கு, அப்புறம் ஒரு சொட்டு, அப்புறம் வரைபடத்தில் பீக் இல்லாத இடத்து அடிக்கோட்டில் ஒரே சீரான நடுக்கம். பெரிய பீக்குகளுக்கு ஒன்றும் ஆகாது. மிகக் குறைந்த அளவு ஸ்டாண்டர்டின் பீக் மட்டும் அந்த நடுக்கத்துக்குள் காணாமல் போகும்.

இதற்கு மருந்து தெரிந்ததுதான். சீலுக்குப் பின்னால் கொஞ்சம் ஆல்கஹால் கலந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ரிப்பேர் முடிந்து வந்த பம்பில் அந்தக் கழுவும் குழாயை மூடிபோட்டு அடைத்து அனுப்பியிருந்தார்கள். அறிக்கையில் ஓட்ட அளவு சரி, கசிவு இல்லை என்று டிக். எதை வைத்துச் சோதித்தார்கள்? வெறும் தண்ணீரை வைத்து. தண்ணீரில் எந்தப் பம்பும் ஒழுங்காகத்தான் ஓடும். போரேட்டில் ஓடுகிறதா என்று பார்ப்பதுதானே அவர்கள் வேலை? இது எனக்கு ஆறவே இல்லை.

இன்னொரு பயமும் உண்டு. பிரதான பம்ப் ஏதோ காரணத்தால் நின்று, இந்தப் பம்ப் மட்டும் தள்ளிக்கொண்டிருந்தால், காரக் கரைசல் பின்னோக்கிப் பிரிப்புக் குழாய்க்குள் ஏறும். உள்ளே இருக்கும் சிலிக்கா காரத்தில் கரைந்துவிடும். அந்தக் குழாய் அதோடு முடிந்தது.

ஆக, இத்தனை பாராட்டிய பிறகும் நண்பருக்கு நான் சொன்ன பதில்: வாங்காதீர்கள். மீனில் ஹிஸ்டமின் மட்டும்தான் வேலை, சாம்பிளும் குறைவு என்றால் டான்சைல் முறையே போதும். 2017-இல் வந்த சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 19343 அந்த முறையைத்தான் சொல்கிறது. இரண்டாவது பம்பைக் கட்டி மேய்க்கத் தினமும் ஒரு ஆள் இல்லாத இடத்தில் இந்த ரியாக்டர் வீண். எங்கள் ரியாக்டரைக் கழற்றச் சொன்னால் மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

இல்லை, வாங்கியே ஆக வேண்டும் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். ஒரு பம்ப் நின்றால் மற்றதும் தானாக நிற்குமா, சீல் கழுவும் வசதி ரியேஜென்ட் பம்பிலும் உண்டா, மாற்று சீல் கையிருப்பாக உங்களிடமே தருவார்களா. மூன்றாவதற்கு இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.