ஐந்தாவது தலைக்கு இடமில்லை: டைம்ஷேர் எக்ஸ்சேஞ்சில் என் பதினோரு ஆண்டுகள்

அலுவலக நண்பர் ஒருவர் மாலில் ஏதோ கூப்பனை நிரப்பிப் போட்டிருக்கிறார். பத்தே நாளில் தொலைபேசி வந்தது, டைம்ஷேர் விற்கும் நிறுவனம் ஒன்று தந்த இலவச இரவு உணவுக்கு மனைவியோடு போனார், மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டார், கையெழுத்துப் போடாமல் வீடு திரும்பிவிட்டார். டைம்ஷேர் என்றால், ஒரு தொகை கட்டி உறுப்பினராகி, அந்த நிறுவனத்தின் ரிசார்ட்டில் ஆண்டுதோறும் ஒரு வாரம் தங்கும் உரிமையை வாங்குவது. அந்த உரிமையைப் பாயிண்ட்டாகக் கணக்கு வைப்பார்கள். மறுநாள் என் மேசைக்கு வந்து கேட்ட கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். “சார், நம்ம பாயிண்ட்டைக் கொடுத்தா அவங்களோட ரிசார்ட் மட்டும் இல்லாம வெளிநாட்டுல யாரோட ரிசார்ட்லயும் தங்கலாம்னு சொல்றாங்களே, அது நிஜமா?”

நிஜம்தான். அப்படியொரு நிறுவனத்தில் 2014இல் உறுப்பினரான நான் அப்படித் தங்கியும் இருக்கிறேன். ஆனால் அந்த ‘தங்கலாம்’ என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை இரவு உணவு மேசையில் யாரும் சொல்வதில்லை. உறுப்பினர் கட்டணம், சீசனைப் பிரித்துக் காட்டும் வண்ணங்கள், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றை அவர்களே பலகையில் எழுதிக் காட்டிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, எக்ஸ்சேஞ்ச் என்ற ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நம் பாயிண்ட்டை எந்த வெளி ரிசார்ட்டும் நேரடியாக வாங்கிக்கொள்வதில்லை என்பது. சங்க கால உப்பு வணிகரான உமணர் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கியது போல இது நேருக்கு நேரான பண்டமாற்று அன்று. இங்கே மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். நான் விண்ணப்பித்ததும் என் நிறுவனம் பாயிண்ட்டைக் கழித்துக்கொண்டு, தன் ரிசார்ட்டில் ஒரு வாரத்தை என் பெயரில் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்திடம் டெபாசிட் செய்கிறது. அந்தப் பொதுக் களஞ்சியத்தில் என் வாரத்தை முன்பின் அறியாத யாரோ எடுத்துக்கொள்கிறார். வேறு யாரோ போட்ட வாரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர்கள் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸைச் சேர்ந்த ஒரு தம்பதி. ஆண்டுதோறும் ஒரே இடத்துக்கே போய்ச் சலித்த உரிமையாளர்களுக்காக 1974இல் அவர்கள் தொடங்கியதுதான் ஆர்.சி.ஐ. இரண்டு ஆண்டுகள் கழித்து மயாமியில் இண்டர்வல் இண்டர்நேஷனல் வந்தது. இன்றும் உலகில் பெரியவை இந்த இரண்டும்தான். என் நிறுவனம் யாரோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்பது இங்கே முக்கியமில்லை. நான் திட்டப்போகிற விதி இந்தத் தொழிலுக்கே பொதுவானது.

களஞ்சியத்தில் போட்ட வாரத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அதை டிரேடிங் பவர் என்பார்கள். எந்த இடம், எந்த மாதம், எத்தனை பேர் தங்கும் அறை, எவ்வளவு முன்கூட்டியே கொடுத்தோம் என்பவற்றைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. கடைசியாகச் சொன்னதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். 2016இல் முதல் முறையாக டெபாசிட் செய்தபோது, என் கொடைக்கானல் மே வாரத்துக்கு இரண்டு மாதமே பாக்கி இருந்தது. ஒன்பது மாதங்களுக்கு முன்பே கொடுத்திருந்தால் முழு மதிப்பும் கிடைத்திருக்கும் என்றும், நாள் நெருங்க நெருங்க மதிப்பு தேய்ந்துவிடும் என்றும், கொடுத்த வாரத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்றும், எல்லாம் முடிந்த பிறகு வாடிக்கையாளர் சேவையில் ஒரு பெண் மிகவும் மரியாதையாக விளக்கினார். தேய்ந்துபோன மதிப்புக்குக் கிடைத்தது கோவாவில் ஜூலை மாதம். பள்ளி திறந்த பிறகு மகனுக்கு ஒரு வாரம் லீவு போட்டு, ஏழு நாளும் மழையை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தோம்.

இரண்டாவது முறை சூட்சுமம் பிடிபட்டது. நமக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரலிலும் மே மாதத்திலும். அந்த மாதங்களில் கொடைக்கானலிலோ ஊட்டியிலோ ஓர் அறைக்கு இருக்கும் அடிதடி நாடறிந்தது. அதே மே மாதத்தில் தாய்லாந்தின் புக்கெட்டில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அந்தமான் கடல் கொந்தளிக்கும், கடற்கரையில் சிவப்புக் கொடி நடுவார்கள், நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே வெயில் காய வரும் ஐரோப்பியர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆகவே நாம் கொடுப்பது எல்லாரும் விரும்பும் வாரம், எடுப்பது அவ்வூரில் அதிகம் பேர் தேடாத வாரம். 2018இல் ஒரு ஸ்டூடியோ (தனிப் படுக்கையறை இல்லாத ஒற்றை அறை) வாரத்தைக் கொடுத்துவிட்டுப் புக்கெட்டில் ஒரு படுக்கையறை கொண்ட வீட்டை எடுத்ததோடு, கடையில் சில்லறை வாங்குவது போல மீதி மதிப்பும் என் கணக்குக்குத் திரும்பி வந்தது. மழை பெரும்பாலும் பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விட்டது. கடலில் இறங்க முடியாததை நீச்சல் குளம் ஈடுகட்டியது. எக்ஸ்சேஞ்சில் லாபம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த நாட்காட்டி வேறுபாட்டில்தான் இருக்கிறது. டிசம்பரில் கொடுத்து டிசம்பரில் எடுக்க நினைப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

எக்ஸ்சேஞ்ச் பட்டியலில் ஒவ்வோர் அறைக்கும் பக்கத்தில் ‘4/2’ என்றோ ‘6/4’ என்றோ இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் மொத்தம் எத்தனை பேர் தங்கலாம் என்பது. இரண்டாவது எண் எத்தனை பேர் மறைவாகத் தனியறையில் படுக்கலாம் என்பது. 4/2 என்றால் இருவருக்குப் படுக்கையறை, மற்ற இருவருக்குக் கூடத்தில் விரித்தால் கட்டிலாகும் சோபா. இதில் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் நான் என் வீட்டில் தலைகளை எண்ணியபோது வந்தது. நான், மனைவி, மகன், என் அம்மா, அப்போது ஒன்றரை வயதான மகள். மகளை நான் ஒரு தலையாகவே எண்ணவில்லை. எந்த ஊரில், எந்த விடுதியில் பால் புட்டியோடு இருக்கும் குழந்தைக்குத் தனியிடம் கேட்டிருக்கிறார்கள்? எக்ஸ்சேஞ்சில் கேட்கிறார்கள். கைக்குழந்தையும் ஒரு தலைதான், நான்கு என்றால் நான்குதான், கூடுதல் மெத்தை என்ற பேச்சே கிடையாது, மீறினால் வாசலிலேயே அனுமதி மறுக்கும் உரிமை ரிசார்ட்டுக்கு உண்டு. என் சொந்த நிறுவனத்தின் ரிசார்ட்டில் சிறு கட்டணத்துக்கு ஓர் ஓரமாக மெத்தை போட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்பதால், இப்படியொரு விதி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 2018இல் அம்மா மதுரையில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார், நாங்கள் புக்கெட்டுக்குப் போனோம். “எனக்கென்னடா, பிள்ளைங்களைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போய்ட்டு வா” என்று அவர் சொன்ன விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் அந்த விதிக்குக் காரணம் உண்டு. தீ விபத்துக் காலத்தில் எத்தனை பேரை வெளியேற்ற முடியும் என்ற கணக்கில் கட்டடத்துக்கு அனுமதி தந்திருப்பார்கள். எல்லாரும் ஆளுக்கு ஒருவரைக் கூடுதலாக அழைத்துவந்தால் ரிசார்ட் தாங்காது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், இந்த எண்கள் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்பதோடு குடும்பம் முடிந்துவிடும் ஊர்களில் வரையப்பட்டவை என்பதும், இவற்றை நம் ஊரில் விற்பவர்கள் தாத்தா பாட்டி சகிதம் சிரிக்கும் குடும்பப் படத்தைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள் என்பதும் உண்மை. அந்தப் படத்திலிருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். ஆறு பேர் இருப்பார்கள். விற்பது பெரும்பாலும் ஸ்டூடியோ.

ஐந்து பேர் தங்க வேண்டுமானால் 6/4 வேண்டும், அதாவது இரண்டு படுக்கையறை வீடு. ஒரு ஸ்டூடியோ வாரத்தின் மதிப்பு அதற்கு எட்டவில்லை. இரண்டு டெபாசிட்டுகளை இணைத்து ஒன்றாக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம். அதைச் செய்வதற்காக 2020 மே வாரத்தை உரிய காலத்தில் டெபாசிட் செய்து வைத்தேன். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், கொரோனா வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. வழக்கமாக டெபாசிட்டின் ஆயுள் அந்த வாரத்தின் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகள். எனக்கு மேலும் ஓராண்டு கேட்காமலேயே நீட்டித்துக் கொடுத்தார்கள். அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். அதுவும் காலாவதியாகப் போகும் தறுவாயில், 2023இல் இன்னொரு வாரத்தைப் போட்டு இரண்டையும் இணைத்தேன். இணைத்த நாளிலிருந்து புதிய டெபாசிட்டுக்கு மீண்டும் இரண்டு ஆண்டு ஆயுள் கிடைக்கும் என்பது, சாகப்போகும் டெபாசிட்டை வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே நல்ல தந்திரம்.

அப்படியாக 2024 மே மாதம், ஆறு ஆண்டுகள் கழித்து, அம்மாவோடு புக்கெட்டுக்குப் போனோம். 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்குத் தாய்லாந்து விசா விலக்கு அளித்திருந்ததால் அந்த அலைச்சலும் இல்லை. இந்த முறை நான் எதிர்பார்க்காத மகிழ்ச்சி ஒன்று அமைந்தது, அது சமையலறை. பட்டியலில் ‘முழுச் சமையலறை’ என்று போட்டிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் நிறுவனத்தின் கொடைக்கானல் அறையில் சமையலறை என்று சொல்லப்படுவது ஒரு கெட்டில், இரண்டு கோப்பை, உணவகத்தின் விலைப்பட்டியல். இங்கே நான்கு கண் அடுப்பு, ஆளுயர ஃபிரிட்ஜ், பாத்திர அலமாரி, துணி துவைக்கும் எந்திரம், அலமாரிக்குள் ஒரு ரைஸ் குக்கர். அரிசி தின்கிற நாடல்லவா! அம்மா ஊரிலிருந்தே சாம்பார் பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் நாள் இரவு, “இவ்வளவு தூரம் விமானத்துல வந்தது ரசம் வைக்கவா?” என்று அலுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் காலை நான் எழுவதற்கு முன்பே சந்தைக்குப் போய் வரத் தயாராக நின்றார். ஏழு இரவுகள் நமக்கு நீளம், நம் மக்கள் மூன்று நாளில் ஓர் ஊரை முடித்துவிடுகிறவர்கள் என்று நான் பலமுறை குறை கூறியிருக்கிறேன். சமையலறை உள்ள வீட்டில் ஏழு இரவு என்பது வேறு விதமான தங்கல் என்று அந்த வாரத்தில்தான் தெரிந்தது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நண்பர் கேட்ட கேள்வியின் உள்ளே இருந்தது அதுதான். இரண்டு வாரங்களுக்கும் கட்டிய பராமரிப்புக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 38,000 ரூபாய், இணைப்புக் கட்டணம் 6,000, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 22,000, ஆக மொத்தம் 66,000. அதே அளவுள்ள வீட்டுக்கு அந்த வாரம் பொதுத் தளங்களில் கேட்டது ஏறத்தாழ 75,000. ஒன்பதாயிரம் மிச்சம் என்று சொல்லலாம், 2014இல் உறுப்பினராகக் கட்டிய தொகையை மறந்துவிட்டால். அதை மறக்க முடியாதபடி இன்னொரு முள்ளும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் மிஞ்சிக் கிடக்கும் அறைகளை உறுப்பினர்களுக்கு ரொக்க விலைக்கும் தருகின்றன, அதற்குப் பாயிண்ட் வேண்டியதில்லை. ஓர் இரவு சும்மா தேடியபோது, நான் எடுத்ததைப் போன்ற வீடு, சீசன் இல்லாத வேறொரு வாரத்தில், நான் செலவழித்ததைவிடக் குறைந்த ரொக்கத்துக்குக் கிடந்தது. மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

சில்லறைச் சங்கதிகள் சில. அடுத்த ஆண்டு வாரத்தை டெபாசிட் செய்ய அந்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை முன்னதாகவே கட்டச் சொல்வார்கள். தங்கை குடும்பத்தை அனுப்ப வேண்டுமானால் விருந்தினர் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் உண்டு, அந்த அறையை வாடகைக்கு விடக்கூடாது. மெக்சிகோ, கரீபியன் பக்கம் பல ரிசார்ட்டுகளில் சாப்பாட்டுக் கட்டணம் கட்டாயம், அறையை எக்ஸ்சேஞ்சில் எடுத்தாலும் தலைக்கு இவ்வளவு என்று தனியே கட்டித்தான் ஆக வேண்டும். செக்-இன் நாள் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று குறித்திருக்கும், விமானக் கட்டணத்தை அதற்கேற்பக் கணக்கிட வேண்டும்.

நண்பரிடம் வாங்காதீர்கள் என்றேன். இரவு உணவைச் சாப்பிட்டாயிற்று, அதோடு விடுங்கள் என்றேன். மாமனாரோ சித்தப்பாவோ தம் உறுப்பினர் உரிமையைச் சும்மா மாற்றிக் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அப்போதும் முதலில் வீட்டில் தலைகளை எண்ணுங்கள் என்றேன். அவர் வீட்டில் ஆறு பேர்.

இதைச் சொன்ன வாரத்திலேயே, நான் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்திடம் போட்டு வைத்திருந்த தொடர் தேடலுக்கு (கேட்ட அறை வந்ததும் தெரிவிக்கச் சொல்வது) பதில் வந்தது. பாலியில் இரண்டு படுக்கையறை, 6/4, முழுச் சமையலறை, அடுத்த மே மாதம், மறுநாள் மாலைக்குள் உறுதி செய்ய வேண்டும். கட்டணத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே அன்றிரவே உறுதி செய்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது, அங்கே ரைஸ் குக்கர் இருக்குமா என்று மட்டும் கேட்டார்.