பரசிட்டமோல் 500: தோட்டத்துக் கடையில் வாங்குகிறவர்களுக்கு

காய்ச்சலா, கொழுந்துக் கூடை இழுத்த கழுத்து நோவா, "பனடோல் ரெண்டு தாங்க" என்பதுதான் மலையகத்தில் வழக்கம். பரசிட்டமோலை எந்தக் கம்பனி செய்தாலும் நம் வாயில் அந்தப் பெயர்தான். குளிசையில் பெரிய குறை இல்லை. டெங்கு சந்தேகத்தில் டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற நோவுக் குளிசைகள் கூடாது. அப்போது கைகொடுப்பது இதுதான். கோளாறெல்லாம் விற்கிற விதத்தில்.

கத்தரியால் வெட்டித் தரும் துண்டில் மருந்தின் பெயர் பாதி இருந்தால் அதிர்ஷ்டம். காலாவதித் திகதி கடைக்காரரிடம் மிஞ்சின அட்டையில் நின்றுவிடும். தடிமனுக்கென்று சேர்த்துத் தரும் குளிசையிலும் பரசிட்டமோல் இருக்கலாம். இரண்டையும் போட்டால் அளவு இரட்டிப்பு. முழு அட்டையாக வாங்குங்கள், பெயரை வாசியுங்கள்.

50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு ஒரு தடவைக்கு 500 மி.கி. குளிசை இரண்டு, குறைந்தது 4 மணி இடைவெளி, 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டக்கூடாது. நம் கொழுந்துப் பெண்கள் பலர் 40 கிலோ சொச்சம். அவர்களுக்கு ஒவ்வொன்றாக, நாளுக்கு நான்கு போதும். பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணிக்கொரு தடவை. பாணி மருந்தில் 5 மி.லீ.க்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வகை உண்டு. 10 கிலோ பிள்ளைக்கு முதலாவதில் 6 மி.லீ., இரண்டாவதில் 3 மி.லீ. போத்தலைப் பார்க்காமல் தேக்கரண்டியால் ஊற்றுவது ஆபத்து.

அளவு மீறினால் என்ன நடக்கிறது? மருந்தில் சிறு பங்கை ஈரலே நஞ்சாக மாற்றும்; குளுட்டதயோன் என்ற பொருள் அதைக் கட்டிப்போடும். சாப்பாடு இறங்காமல் கிடந்தவரிடமும் தினம் சாராயம் குடிக்கிறவரிடமும் குளுட்டதயோன் குறைவு. தீர்ந்துபோனால் நஞ்சு ஈரல் கலங்களையே பிடிக்கும். கிலோவுக்கு 150 மி.கி. ஒரேயடியாகப் போனால் ஈரல் பழுதாகலாம். 40 கிலோ ஆளுக்கு அது வெறும் 12 குளிசை.

முதல் நாள் வாந்தி, குமட்டல். சிலருக்கு அதுவும் இல்லை. "ஒண்ணும் ஆகல்ல" என்று லயத்தில் படுத்துவிடுவார்கள். இரண்டாம் நாள் வலப்பக்க விலா அடியில் நோவு, மூன்று நான்கில் கண் மஞ்சள், பேச்சுக் குழப்பம். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன், குளிசை விழுங்கி 8 மணி நேரத்துக்குள் ஏறினால் ஈரல் அநேகமாகத் தப்பும். பிந்தினாலும் கொடுப்பார்கள், பலன்தான் குறையும். கிலோவுக்கு 150 மி.கி. ஒரு மணியில், 50 நான்கு மணியில், 100 பதினாறு மணியில் என்று சேலைனில் ஏற்றுவது வழமையான முறை. தோட்டத்து மேல் டிவிசனில் வாகனம் தேடுகிற நேரமும் அந்த எட்டுக்குள்தான். 1990 அம்புலன்சை உடனே அழையுங்கள், வெற்று அட்டையையும் கொண்டு போங்கள்.

இரத்த அறிக்கையில் எல்லோரும் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதியின் அளவையே பார்ப்பார்கள். அது எவ்வளவு கலம் உடைந்தது என்று காட்டும், ஈரல் வேலை செய்கிறதா என்று சொல்லாது. அதற்கு இரத்தம் உறைகிற வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். வேண்டும். ஈரல் தளர்ந்தால் அது ஏறும். எஸ்.ஜி.பி.டி. இறங்க ஐ.என்.ஆர். ஏறினால் தேறுகிறார் என்று நினைக்காதீர்கள். உடைய மிச்சமில்லை என்றும் அர்த்தமாகலாம். ஐ.என்.ஆர். 1.5க்கு மேல், கூடவே புத்தி தடுமாற்றம் என்றால் அதுதான் திடீர் ஈரல் செயலிழப்பு. அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்தச் சீனி இறங்காமல் குளுக்கோஸ். அதற்கும் தேறாவிட்டால் ஈரல் மாற்று. அதைச் செய்கிற, கொழும்புக்குப் பக்கத்து ராகம வைத்தியசாலை மலை இறங்கி வெகுதூரம்.