மலையில் ஓடும் காரும் கண்ணாடிக் கறையும்: எதற்கு எது கேட்கும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் கார் வைத்திருப்பவர்கள் ஜன்னல் கண்ணாடிக் கறைக்குப் பழியை மூடுபனி மேல் போடுவது வழக்கம். ராத்திரி மூட்டத்தில் நின்ற வண்டியை மறுநாள் வெயிலில் பார்த்தால் கண்ணாடி முழுக்க வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி. ஆனால் மூட்டத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை. கண்ணாடியில் முன்பே ஒட்டியிருந்த உப்பைக் கரைத்து, துளியின் ஓரத்துக்குத் தள்ளி, காய்ந்து போகிறது, அதுதான் வட்டம். உப்பு ஏறியது வேறெங்கோ. பெரும்பாலும் மேட்டுப்பாளையம், காரமடை பக்கம் போர் தண்ணீரில் அடித்த வாட்டர் வாஷ், இல்லாவிட்டால் அங்கே நிரப்பிக்கொண்டு வந்த வாஷர் டேங்க். மலைமேல் மழைத் தண்ணீரிலும் அணைத் தண்ணீரிலும் மட்டும் கழுவப்படும் வண்டிகளில் இந்தக் கறை குறைவு.

கறை எந்த வகை என்று தெரியாமல் எந்தப் பாட்டிலையும் திறக்க வேண்டாம். கண்ணாடியை ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு புள்ளியின் மேல் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். புள்ளியின் விளிம்பில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பினால் அது சுண்ணாம்பு உப்பு; கட்டாயம் போகும். குமிழியும் வராமல், நனைந்திருக்கும்போது மறைந்து காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால், கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு எந்தத் திரவமும் கேட்காது. வழவழப்பாகப் பிசுக்கென்று இருந்தால் மரப்பிசின் அல்லது பசை.

சுண்ணாம்புக் கறைக்கு நீண்ட நாள் பயன்பாட்டில் நின்றது மளிகைக் கடை எலுமிச்சை உப்புதான். 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு 10 கிராம், சுமார் இரண்டு டீஸ்பூன். ஸ்பிரே அடித்தால் வழிந்து போய்விடும். டிஷ்யூ பேப்பரை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம். ஊட்டிக் குளிரில் வேலை மெதுவாக நடக்கும், அதனால்தான் வெதுவெதுப்பான தண்ணீர். பேப்பர் காயவே கூடாது. காய்ந்தால் எளிதில் கரையாத கால்சியம் சிட்ரேட் வெள்ளைப் படலமாகத் தங்கிவிடும். "ஆசிட் போட்டும் வெள்ளையாவே இருக்கு" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஷாம்பு போட்டு இன்னொரு முறை கழுவினால் முடிந்தது. கரைசலைப் பாட்டிலில் சேமித்து வைத்தால் மலைக்காற்றில் பூஞ்சை நூல் நூலாக மிதக்கும். தேவைப்படும்போது கலந்து கொள்வதே நல்லது. வினிகரும் வேலை செய்யும், ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீதம்தான், சீக்கிரம் ஆவியாகும், வாசனை காருக்குள் தங்கும்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வழிகிற இடத்தில் இருக்கும் குரோம் பட்டையும் அலுமினியமும் வெளுக்கும். பற்பசை, கோலா எல்லாம் நேர விரயம்.

தேயிலைத் தோட்டத்தை ஒட்டி நிறுத்தும் வண்டிகளுக்கு வேறொரு கறை உண்டு. மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு மருந்து காற்றில் வந்து, பச்சையும் நீலமும் கலந்த பொடிப் புள்ளிகளாகக் கண்ணாடியில் படியும். காப்பித் தோட்டம் பக்கம் என்றால் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. இரண்டையும் வெறும் துணியால் தேய்த்தால் இழுவிக்கொண்டு போகும். முதலில் தண்ணீர் பீய்ச்சி, பிறகு அதே எலுமிச்சை உப்புப் பேப்பர். காப்பர் லேசான அமிலத்திலேயே கரைந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பேப்பரைக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள்.

பிசினுக்கு மலையிலேயே மருந்து இருக்கிறது: நீலகிரித் தைலம். பைன், சைப்ரஸ் பிசின், தார்த் துளி, பழைய ஃபாஸ்டேக் பசை, கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்ற 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அதை உரித்த வண்டிகளில் மிச்சமிருக்கும் பசை எல்லாவற்றையும் இளக்கும். பஞ்சில் நனைத்து இரண்டு நிமிடம் ஒட்டி வைத்துத் துடைக்க வேண்டும். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கில் சொட்டினால் பளபளப்பு போய்விடும், துணியை விரித்துக்கொண்டு செய்யுங்கள். எண்ணெய்ப் படலம் தங்கும் என்பதால் கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு துடைப்பு. யூகலிப்டஸ் மரத்தின் சிவந்த பிசின் மட்டும் எண்ணெயை விட ஈரத்துக்கே நன்றாக இளகும். வெந்நீர்த் துணியைப் போட்டு ஊறவைத்தால் போதும்.

இனி தேய்க்கும் விஷயம். சமையலறைப் பச்சை ஸ்கிரப்பரில் அலுமினியம் ஆக்சைடு துகள் இருக்கிறது, அது கண்ணாடியை விடக் கடினம். கோடு விழும், அந்தக் கோடு போகாது. நாலு பூஜ்யம் போட்ட மெல்லிய ஸ்டீல் வுல் (0000) சோப்புத் தண்ணீரோடு பாதுகாப்பானது. கறை இருக்கும்வரை கரகரவென்று சத்தம் வரும், போனதும் சத்தம் அடங்கும். வேலை முடிந்ததும் பீடிங் (கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர்) இடுக்கில் உதிர்ந்த இழைகளைக் கழுவி எடுக்காவிட்டால் இரண்டே நாளில் துருக்கறை, பழைய கறையே தேவலாம் என்று தோன்றும். பிளேடு போட ஆசைப்படுபவர்கள் விண்ட்ஷீல்டோடு நிறுத்திக்கொள்ளலாம். புது பிளேடு, பிடியோடு, ஈரக் கண்ணாடியில், முன்பக்கமாக மட்டும் தள்ளி, திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் டெம்பர் செய்தவை, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியவை. தயாரிப்பின்போது மேற்பரப்பில் உருகி ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள்கள் இருக்கக்கூடும். பிளேடு அதை உடைத்து இழுத்துக்கொண்டு போய்க் கோடு கிழிக்கும். பின் கண்ணாடியின் உள்பக்கம் மூட்டத்தைப் போக்கச் சூடேறும் டீஃபாகர் கம்பிகள் ஓடுவதால் அங்கே பிளேடும் வேண்டாம், ஸ்டீல் வுல்லும் வேண்டாம்.

அரிக்கப்பட்ட கண்ணாடிக்கு ஒரே வழி சீரியம் ஆக்சைடு பாலிஷ். 50 கிராம் பொடியைத் தோசை மாவுப் பதத்துக்குத் தண்ணீரில் கரைத்து, பீடிங்கைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு (ரப்பரில் காய்ந்த பாலிஷை எடுப்பது பெரும்பாடு), ட்ரில்லில் ஃபெல்ட் பேட் மாட்டிக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். ஒரு முறைக்கு ஒரு சதுர அடிக்கு மேல் போகாதீர்கள். ஈரம் குறையும்போது தண்ணீர் தெளிக்க வேண்டும், பேட் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். குளிர்ந்த விண்ட்ஷீல்டில் ஒரே இடம் சூடானால் விரிசல் விடும். மங்கலும் வட்டமும் போகும், நகம் தட்டுப்படும் கோடு போகாது. டிரைவர் பார்வைக்கு நேர் எதிரே கோட்டைத் துரத்திக்கொண்டு குழி விழும்வரை தேய்த்தால் எதிரே வரும் பஸ் அலையடித்துத் தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் அது ஆபத்து. அங்கே விண்ட்ஷீல்டை மாற்றுவதுதான் சரி.

தண்ணீரை ஒட்டவிடாத கோட்டிங் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நெடுஞ்சாலையில் அருமையான பொருள். வேகக் காற்றில் துளி பறந்துவிடும். கல்லட்டி இறக்கத்திலோ குன்னூர் ஏற்றத்திலோ அந்த வேகம் வராது. துளி முத்தாகத் திரண்டு அதே இடத்தில் நிற்கும், தூறலுக்கு நடுவே வெயில் அடித்தால் அங்கேயே காய்ந்து முன்னைவிடத் தடித்த புள்ளியாகும். விண்ட்ஷீல்டுக்குப் போடலாம், ஆனால் லேசான மூட்டத்தில் வைப்பர் தடதடக்கும். வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் பக்கக் கண்ணாடிக்குப் போடாமலிருப்பதே மேல்.

கண்ணாடி இறங்கி ஏறும் ஃபெல்ட் பள்ளத்தை மறந்துவிடாதீர்கள். மண்ணும் பாசியும் அங்கேதான் சேரும். கழுவிய கண்ணாடியில் மேலிருந்து கீழாக நேர்க்கோடுகள் விழுவது அதனால்தான். பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, முழுக்கக் காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரே துணியில் அடித்துத் தடவலாம், நேராகக் கண்ணாடி மேல் அடிக்கக் கூடாது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் பனிப்படலத்தோடு பவர் விண்டோவை இறக்குவதும் அந்த மண்ணை அரைத்துவிடும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைக் குறைவில் தொடங்கி, பனி தானாக இளகும்வரை காத்திருங்கள்.