தொண்டு நிறுவனக் கணக்குக்கு க்னூகேஷ்: எதுவரை தாங்கும்?

மென்பொருளுக்கெனப் பணம் ஒதுக்க முடியாத சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு எக்ஸெலைவிட க்னூகேஷ் எவ்வளவோ மேல். 1998 முதல் வெளிவரும் கட்டற்ற கணக்கு மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒவ்வொரு தொகையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையிலிருந்து நம்மை விலக விடாது. ஆனால் வீட்டுக் கணக்கையும் சிறு வணிகத்தையும் மனதில் வைத்துச் செய்தது இது. தொண்டு நிறுவனக் கணக்கின் உயிர் 'இந்தப் பணம் எந்த நிதியுடையது', அதாவது எந்த நோக்கத்துக்கென வந்தது, என்ற கேள்விதான். அதற்கு இதில் தனி வசதி கிடையாது. கணக்குத் தலைப்புகளிலேயே நாம் கட்டிவைக்க வேண்டும்.

ஈக்விட்டியின் (நிறுவனத்தின் சொந்த நிதி) கீழ் 'பொது நிதி', 'நூலக நிதி' என்று ஒவ்வொரு நிதிக்கும் ஒரு கணக்கு திறங்கள். வருமானத்திலும் செலவிலும் அதே பெயர்களில் உட்பிரிவுகள் வேண்டும். தலைக் கணக்குகளை 'பிளேஸ்ஹோல்டர்' (நேரடியாகப் பதிவு போட முடியாத கணக்கு) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் போடும் பதிவுகள் தலைக் கணக்கிலேயே விழுந்துவிடும். எந்த நிதி என்று பிறகு வவுச்சர் வவுச்சராகத் தேட வேண்டிவரும்.

உண்மையான சிக்கல் ஆண்டு முடிவில். நூலகத்துக்கென்றே 1,00,000 வந்து 60,000 செலவானால், மீதி 40,000 அடுத்த ஆண்டும் நூலகப் பணம்தான். ஆண்டுக் கணக்கை முடிக்கும் 'குளோஸ் புக்' வசதியோ வருமானம் முழுவதையும் ஒரு கணக்குக்கும், செலவு முழுவதையும் ஒரு கணக்குக்கும் தள்ளும். இரண்டுக்கும் பொது நிதியைக் காட்டினால் அந்த 40,000 அதில் கரைந்துவிடும். உடனே பொது நிதியைப் பற்று வைத்து, நூலக நிதியை வரவு வைத்துக் கையால் ஒரு பதிவு போட்டே ஆக வேண்டும். மறந்தாலும் இருப்புநிலைக் குறிப்பு சமமாகவே நிற்கும் என்பதுதான் ஆபத்து. மானியம் கொடுத்தவர் மீதியைக் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஒரே பரிவர்த்தனையைப் பல கணக்குகளுக்குப் பிரித்து எழுதும் ஸ்பிளிட் பதிவு இதன் பெரிய பலம். ஆன்லைனில் 1,000 நன்கொடை வருகிறது, கட்டணம் 25 போக பேங்கில் 975 ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் 975-ஐயே வருமானமாக எழுதிவிடுகிறார்கள். ரசீது 1,000-க்குப் போயிருக்கும். தணிக்கையில் ரசீதுப் புத்தகமும் நன்கொடைக் கணக்கும் ஒத்துவராது. பேங்க் பற்று 975, கட்டணச் செலவு பற்று 25, நன்கொடை வரவு 1,000 என்பதே சரி. தொகைகள் ஒட்டாவிட்டால் வித்தியாசம் 'இம்பேலன்ஸ்' என்ற கணக்கில் போய் உட்காரும். அறிக்கை எடுக்குமுன் அது பூஜ்யமா என்று பார்த்துவிடுங்கள்.

வரி விஷயத்தில் இதனிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சம்பளக் கணக்குக்கென்று தனிப் பகுதி இல்லை. மொத்தச் சம்பளத்தைச் செலவிலும், பிடித்த வரியைப் பொறுப்பிலும் (நாம் பிறருக்குச் செலுத்த வேண்டியவை), கையில் கொடுத்ததை பேங்கிலுமாக ஸ்பிளிட் போட வேண்டும். நிறுவனத்துக்கு வரிவிலக்கு இருப்பதால் ஊழியரின் வரியைப் பிடிக்க வேண்டாம் என்று நினைப்பது தவறு. பிடித்த வரி நிறுவனத்தின் பணம் அல்ல. செலுத்த வேண்டிய நாள் கடந்தும் அந்தப் பொறுப்புக் கணக்கில் பாக்கி நின்றால் எங்கோ தவறியிருக்கிறது. வாடகை, விற்பனை போன்ற வருமானத்தை நன்கொடையோடு கலக்காமல் தனித் தலைப்பில் வையுங்கள். அவற்றுக்குப் பல நாடுகளில் வேறு வரி விதிகள் உண்டு.

கட்டுப்பாடுகளில் இது பலவீனம். பயனருக்குப் பயனர் தனி அனுமதி இல்லை. யார் எதைத் திருத்தினார் என்ற தடமும் அறிக்கையாகக் கிடைக்காது. பழைய பதிவுகளைப் பூட்ட, 'புரொப்பர்ட்டீஸ்' பகுதியில் உள்ள சிவப்புக் கோடு வசதியில் நாள் எண்ணிக்கையைக் கொடுக்கலாம்; அத்தனை நாளுக்கு முந்தைய பதிவுகளைத் திருத்த முடியாது. ஆனால் கோப்பைத் திறக்க முடிந்தவர் அதையும் மாற்றலாம். தவறான பதிவை அழிக்காதீர்கள். காரணம் எழுதி 'வாய்டு' செய்யுங்கள் (பதிவு நிற்கும், தொகை மட்டும் செல்லாததாகும்), ஆடிட்டர் கேட்டால் பதில் இருக்கும். ஒரே நேரத்தில் இருவர் வேலை செய்யவும் முடியாது. கோப்பை வேறொருவர் திறந்திருக்கிறார் என்ற பூட்டு எச்சரிக்கையை மீறி இருவரும் திறந்து சேமித்தால் ஒருவரின் உழைப்பு போய்விடும்.

நான்கு நிதி, மூன்று வகைப் பணி, பத்துச் செலவினம் என்று வளர்ந்தால் செலவுப் பக்கத்தில் மட்டும் 120 தலைப்புகள் ஆகிவிடும். அந்த நிலையை நெருங்கும் நிறுவனம், நிதியைத் தனிப் புலமாகவே (ஒவ்வொரு பதிவிலும் நிரப்பும் தனிக் கட்டம்) பதிவு செய்யும் மென்பொருளுக்கு நிதியாண்டின் முதல் நாளில் மாறுவதே நல்லது. ஆண்டின் நடுவில் மாறினால் ஒவ்வொரு நிதிக்கும் ஆரம்ப இருப்பை ஒத்திசைப்பது பெரும்பாடு.