டேட்டாபேஸ் திடீரென இழுக்க ஆரம்பித்தால் முதலில் எதைத் திறப்பது?

நேற்று வரை ஒழுங்காக ஓடிய போஸ்ட்கிரெஸ் (ஒரு டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வர் இன்று காலை பதினொரு மணிக்கு இழுக்க ஆரம்பித்தால் கையில் நாலு வழி இருக்கிறது: ரீஸ்டார்ட், ஸ்லோ குவெரி லாக் (நேரம் எடுத்த குவெரிகளின் பதிவு), பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் (எந்தக் குவெரி மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்ற கணக்கு), பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி (ஒவ்வொரு இணைப்பும் இந்த நொடியில் என்ன செய்கிறது என்று காட்டும் வியூ). என் ஓட்டு கடைசியில் சொன்னதற்கு.

ரீஸ்டார்ட்தான் எல்லாரும் முதலில் கேட்பது. பல நேரம் வேலையும் செய்துவிடும், அதுதான் வம்பே. யார் யாரை மறித்துக்கொண்டு நின்றார்கள் என்ற தடயம் மொத்தமும் அழிந்துவிடும், ஷேர்டு பஃபர்ஸும் (டேட்டாவை மெமரியில் வைத்திருக்கும் இடம்) காலியாகிவிடுவதால் கொஞ்ச நேரம் முன்பைவிட மெதுவாகக்கூட ஓடும். அடுத்த வாரம் அதே கூத்து மறுபடி நடக்கும், அப்போதும் காரணம் தெரியாது.

ஸ்லோ லாக் நேற்று ராத்திரி நடந்ததை விசாரிக்க நல்லது. அதற்கான செட்டிங் லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட் இயல்பாக -1, அதாவது அணைந்தே இருக்கும். 1000 (மில்லிசெகண்ட்) என்று வைத்தால் ஒரு நொடியோ அதற்கு மேலோ எடுத்தவை பதிவாகும், சர்வரை நிறுத்தாமல் செட்டிங்கை ரீலோட் செய்தால் போதும். ஆனால் குவெரி முடிந்த பிறகுதான் அது எழுதும். இப்போது மாட்டிக்கொண்டு நிற்பதை அதில் தேடிப் பயனில்லை. கூடவே, பூட்டுக்காக நெடுநேரம் காத்திருப்பவர்களைப் பதிவு செய்யும் லாக்_லாக்_வெயிட்ஸையும் ஆன் செய்து வையுங்கள் (முதல் லாக் பதிவு, இரண்டாவது லாக் பூட்டு, தமிழில் எழுதினால் இப்படித்தான் ஆகிறது, இனி பூட்டு என்றே சொல்கிறேன்).

பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் எனக்குப் பிடித்த கருவி, ஆனால் இந்த நேரத்துக்கு இல்லை. அதில் இருப்பதெல்லாம் கூட்டுத்தொகை. மூன்று மாதக் கணக்கில் இன்றைய இருபது நிமிடம் கரைந்துபோகும். ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் கழித்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். தவிர, முன்பே ஏற்றி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கும் ஒரு ரீஸ்டார்ட்.

சரி, ஆக்டிவிட்டிக்கு வருவோம். ஒரு மாதக் கடைசியில் எங்கள் ஆப் அப்படியே நின்றுவிட்டது, சிபியூவோ எட்டு சதவீதத்தில் சும்மா கிடந்தது. மேனேஜர் ரீஸ்டார்ட் ரீஸ்டார்ட் என்று பின்னாலேயே நிற்க, இந்த வியூவைத் திறந்தால் எண்பது வரிக்கு மேல், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் வெயிட்_ஈவென்ட்_டைப் (எதற்காகக் காத்திருக்கிறது என்பது) பூட்டு என்றே காட்டியது. யாரை யார் மறிக்கிறார்கள் என்று சொல்லும் பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் கொடுத்துப் பார்த்ததில் எல்லாரும் ஒரு ஆல்டர் டேபிளுக்கு (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) பின்னால் வரிசையில் நிற்கிறார்கள், அந்த ஆல்டரோ ஒரு 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' செஷனுக்காக (டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் நிற்கும் இணைப்பு) காத்திருக்கிறது. யாரோ பிகின் போட்டு ஒரு செலெக்ட் ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். வெறும் செலெக்ட்தான்! ஆனால் டிரான்சாக்‌ஷனை முடிக்கும்வரை அதுவும் டேபிள் மேல் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிஜி_கேன்சல்_பேக்எண்ட் இங்கே ஒன்றும் செய்யாது, ரத்து செய்ய ஓடுகிற குவெரியே இல்லையே. இணைப்பையே துண்டிக்கும் டெர்மினேட்தான் அடிக்க வேண்டும். அடித்தேன், சில நொடியில் வரிசை கலைந்தது.

பூட்டே இல்லை, செஷன்கள் ஆக்டிவ், வெயிட்_ஈவென்ட் காலி, சிபியூ மட்டும் எகிறுகிறது என்றால் கதை வேறு. பெரும்பாலும் பிளான் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று பிளானர் போடும் திட்டம்) மாறியிருக்கும். பிளானர் நம்பியிருக்கும் டேபிள் புள்ளிவிவரத்தைத் தானாகப் புதுப்பிக்கும் ஆட்டோ அனலைஸ் இயல்பாகச் சுமார் 10 சதவீத வரிகள் மாறினால்தான் கிளம்பும். ஐந்து கோடி வரி உள்ள டேபிளில் அது ஐம்பது லட்சம். அதுவரை இன்றைய தேதிக்கு நாலைந்து வரிதான் இருக்கும் என்று பிளானர் நம்பி நெஸ்டட் லூப்பில் (ஒவ்வொரு வரிக்கும் மற்ற டேபிளில் போய்த் தேடும் முறை, வரிகள் அதிகமானால் இழுக்கும்) இறங்கிவிடும். அந்த டேபிளுக்குக் கையால் ஒரு அனலைஸ் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்டை ஐந்து நிமிடமாக வைத்துவிட்டோம், அதற்கு மேல் அப்படிச் சும்மா நிற்கும் இணைப்பை சர்வரே துண்டித்துவிடும். டீ முடித்து வந்ததும் கனெக்‌ஷன் அறுந்துவிட்டது என்று அவர் இப்போதும் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார்.